ஏழாம் சீட்டு

ஜனவரி 11, சனி

எட்டுப் பேர் என்று சொல்லி ஆறு பேர் வந்தார்கள். ஜமக்காளம் விரித்ததும் நான், காபி ஃபிளாஸ்க்கைச் சுமந்து மாடியேறியதும் நான், வருகைப் பதிவேட்டுக்குக் கோடு போட்டதும் நான். கதவில் மட்டும் ‘பயிற்சியாளர்: திருமதி வசந்தாமணி’ என்று அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். மரியாதைக்குக் குறைவில்லை.

எங்கள் அறக்கட்டளை மார்ச்சில் ஒரு குழு தொடங்குகிறது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ புற்றுநோய் வந்த வீட்டுக் குழந்தைகள் மாதம் இரண்டு முறை வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். அந்த வட்டத்தை நடத்தப் போகிறவர்களுக்கு எட்டுச் சனிக்கிழமைப் பயிற்சி. காப்பீட்டு அலுவலகத்தில் ஃபைல் கட்டிக்கொண்டிருந்தவள் நான். அதை விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. ஃபைல் கட்டுகிற புத்தி மட்டும் இன்னும் போகவில்லை.

ஆறு பேரில் மூன்று பேர் தேறுவார்கள் என்று படுகிறது. எஸ்தர், பாலர் பள்ளி ஆசிரியை, அவள் பேசினால் பெரியவர்களே கை கட்டி உட்காருகிறார்கள். ஆயிஷா, மனவியல் படித்து முடித்த பெண், நான் தும்மினால்கூடக் குறிப்பெடுக்கிறாள். மூன்றாவது நாச்சிமுத்து. கணபதி ஏரியாவில் லேத் பட்டறை வைத்திருக்கிறார், ஐம்பத்தெட்டு வயது, மீசை முதலில் உள்ளே வந்தது, பிறகுதான் அவர் வந்தார். மனைவிக்கு மார்பில் வந்து, சிகிச்சை முடிந்து, இப்போது நன்றாக இருக்கிறாராம்.

“அப்ப என்ற பசங்ககிட்ட என்ன பேசறதுன்னே தெரியலீங்க மேடம். பரோட்டா வாங்கிக் குடுத்தனுங்க. நாலு மாசம் வெறும் பரோட்டாதானுங்க” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பதிவேட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு டிக் போட்டுக்கொண்டேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். மகள் தர்சினி வரவில்லை. சென்னையில் வேலை அதிகம் என்றாள். போன வருடமும் அதுதான். ஒரு ஆளுக்குப் பொங்கல் வைப்பது வெட்டி வேலை. இருந்தாலும் வைத்தேன், பாதியைப் பக்கத்து வீட்டு ரங்கநாயகி வாங்கிக்கொண்டாள்.

ஜனவரி 18, சனி

இன்று விதிகள். குழந்தைகளிடம் சொல்லக் கூடாதவை மூன்று: ‘அழாதே’, ‘நீ தைரியமான பிள்ளை’, ‘எல்லாம் சரியாகிவிடும்’. குழந்தை கேள்வி கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில், இரண்டு வாக்கியத்தில். தெரியாவிட்டால் ‘தெரியல’ என்று சொல்ல வேண்டும். சுற்றி வளைத்துக் கதை விடக் கூடாது.

எஸ்தரை ஆறு வயதுப் பிள்ளையாக அழச் சொன்னேன். நாச்சிமுத்து நடத்த வேண்டும். அவள் நிஜமாகவே தேம்பினாள். இவர் “அழா...” என்று தொடங்கி, என்னைப் பார்த்து, விழுங்கிக்கொண்டு, “அழுகறதுன்னா அழு சாமி, நான் இங்கயேதான் இருக்கறன்” என்றார். நான் ஆறு வருடமாகத் தேடிக்கொண்டிருந்த வாக்கியம். ஆயிஷா அதை எழுதிக்கொண்டாள், நானும்தான்.

அடுத்து வேஷம் கழற்றுவது. இங்கே எல்லாமே நடித்துப் பார்த்துத்தான் பயிற்சி. பெட்டியில் பத்துச் சீட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தை. யாருக்கு எது வருகிறதோ அந்தக் குழந்தையாக வட்டத்தில் உட்கார வேண்டும். முடிந்ததும் எழுந்து நின்று, சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு, தன் பெயர், தன் வேலை, காலையில் சாப்பிட்டது, மூன்றையும் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஆயிஷாவுக்கு இது சிறுபிள்ளை விளையாட்டாகத் தெரிகிறது. தெரியட்டும். கழற்றாமல் வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

ஜனவரி 19, ஞாயிறு

தர்சினி கூப்பிட்டாள். ஒன்பது நிமிடம். சமையல், முடி கொட்டுவது, அலுவலகத்து லிஃப்ட் பழுது. ஞாயிறு காலை பத்தரைக்குக் கூப்பிடுவாள், ஒரு வாரம் தவறியதில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஜனவரி 25, சனி

பத்துச் சீட்டையும் வாசித்துக் காட்டினேன். ஒன்பது சீட்டுகள் வீட்டில் மறைத்ததால் குழம்பிப்போன குழந்தைகள். ஏழாவது மட்டும் நல்ல உதாரணம். சேர்த்தது நான்தான். அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்:

‘பத்தாம் வகுப்பு மாணவி. அப்பாவுக்குத் தொண்டைப் புற்றுநோய். தொண்டையில் குழாய் வைத்த பிறகு பேச்சு இல்லை, சிலேட்டில் எழுதிக் காட்டுவார். அரசுத் தேர்வு நாளன்று விடியற்காலையில் இறந்தார். தாய் செய்தியைச் சொல்லாமல், தொலைபேசியில் ஊக்கம் கொடுத்துத் தேர்வுக்கு அனுப்பினார். மாணவி எழுதிய சமூக அறிவியலில் நூற்றுக்கு நூறு. மொத்தம் 471.’

கூடவே பத்திரிகைச் செய்தியின் ஜெராக்ஸையும் சுற்றுக்கு விட்டேன். ‘தந்தை இறந்த துயரிலும் தேர்வெழுதி நூற்றுக்கு நூறு’. பெயர், படம் இரண்டின் மேலும் வெள்ளைத் தாள் ஒட்டி எடுத்த ஜெராக்ஸ்.

ஆயிஷா கையைத் தூக்கினாள். “மேம், பிள்ளைங்ககிட்ட மறைக்கக் கூடாதுன்னு நாமதான சொல்றோம். இதுவும் மறைச்சதுதானே?”

“நேரம் காலம் பாக்கோணும்மா. ஒரு வருசம் வீணாப் போயிருக்கும்.”

“துயரத்திலும் எழுதினான்னு பேப்பர்ல போட்டிருக்கு. ஆனா அவளுக்குத் தெரியாதே மேம்.”

பத்திரிகைக்காரர்கள் அப்படித்தான் போடுவார்கள் என்றேன். எஸ்தர், “அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்குதுங்க அக்கா?” என்று கேட்டாள். நல்லா இருக்குது, சென்னையில வேலை என்றேன். நன்றாகத்தான் இருக்கிறாள்.

பிப்ரவரி 1, சனி

முதல் முழு ஒத்திகை. எஸ்தர் நடத்துவதாக இருந்தது. அவள் மகளுக்குக் காய்ச்சல், வரவில்லை. நானே உட்கார்ந்தேன்.

நாச்சிமுத்துவுக்கு ஏழாம் சீட்டு வந்தது. “பொட்டப்புள்ளயா? நானுங்களா?” என்றார். மீசையை ஒன்றும் செய்ய வேண்டாம், பேசினால் போதும் என்றேன். சிரித்து ஓய்ந்து உட்கார்ந்தோம். அவர் காலை மடக்கி, கையை மடியில் வைத்துக்கொண்டார். குரலை மாற்றவில்லை. அவருடைய குரலிலேயே சொன்னார்:

“பரீட்சை எழுதீட்டு வெளிய வந்தேன். கேட்டுகிட்ட சித்தப்பா நிக்கறாரு. எப்பவும் வராதவரு. பரீட்சை எப்படின்னு கேக்கல. கையிலிருந்த பேனாவ வாங்கிப் பைக்குள்ள வெச்சாரு.”

சித்தப்பா என்று சீட்டில் இல்லை. அது அவராகச் சேர்த்தது. ஆனால் சித்தப்பாதான் போயிருந்தார்.

“ம்” என்றேன். விதிப்படி அது சரி.

“எங்கப்பா கடைசியா சிலேட்டுல என்ன எழுதுனாருங்க மேடம்? எனக்கு ஏதாச்சும் எழுதி வெச்சாரா?”

இரண்டு வாக்கியம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ‘தெரியல’ என்று சொல்ல வேண்டும். நான் சொன்னது இது: “உன் நல்லதுக்குத்தான் யாரும் சொல்லல கண்ணு. நீ தைரியமான பொண்ணு.”

ஆயிஷாவின் பேனா நின்றது. நான் மணியை அடித்து டீ என்று சொல்லிவிட்டேன். டீக்குப் பிறகு தொண்டை கட்டியிருக்கிறது என்று வகுப்பை அரைமணி முன்னதாகவே முடித்தேன். தொண்டை நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 2, ஞாயிறு

எட்டு மணிக்கே நாச்சிமுத்து போன் செய்தார்.

“தப்பா நெனைக்காதீங்க மேடம். அந்தச் சீட்டு என்ற சட்டப் பாக்கெட்லயே வந்துருச்சுங்க.”

“அதனால என்னங்க, அடுத்த வாரம் கொண்டு வாங்க.”

“இல்லீங்க. நேத்திருந்து சோறு எறங்கலீங்க. மூஞ்சி ஏன் இப்படி இருக்குதுன்னு சம்சாரம் கேக்கறா. அந்தப் புள்ள கேட்டதுக்கு யாருமே பதில் சொல்லலையேன்னு அதே நெனப்பா இருக்குதுங்க.”

அப்போதுதான் உறைத்தது. வேஷம் கழற்றாமலே எல்லாரையும் அனுப்பியிருக்கிறேன். ஆறு வருடத்தில் நான் செய்யாத தப்பு. போனிலேயே பெயர் சொல்லச் சொன்னேன். “நாச்சிமுத்து.” வேலை? “லேத்துங்க.” காலையில் சாப்பிட்டது? “ஒண்ணும் சாப்புடலீங்க.” முதலில் சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடுங்கள் என்றேன். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டு, மூன்று தோசை என்றார்.

பத்தரைக்குத் தர்சினி. பதினாறாம் தேதி இங்கே தோழி கல்யாணம், முந்தின நாள் வந்து ஒரு ராத்திரி தங்குவாளாம். எட்டு நிமிடம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

சிலிண்டர் வந்தது. மோர் மிளகாய் போட்டேன்.

சொந்த நோட்டிலேயே வெள்ளைத் தாள் ஒட்டி மறைப்பது கேலிக்கூத்து. ஏழாம் சீட்டு என் வீட்டுச் சீட்டு. என் வீட்டுக்காரர் துரைசாமி, மில்லில் ஃபிட்டர். தேர்வன்று காலை ஐந்தே முக்காலுக்கு உயிர் போனது. தர்சினி நாத்தனார் வீட்டில் இருந்தாள். ஆறரைக்குப் போன் செய்து, நல்லா எழுது கண்ணு, அப்பாவும் நல்லா எழுதச் சொன்னாங்க என்றேன். அவள் ஏதோ கேட்டாள், நானும் ஏதோ சொன்னேன். மதியம் வரை யாரும் மூச்சு விடக் கூடாது என்று எல்லாருக்கும் சொல்லி வைத்தேன். புருஷனைப் பக்கத்தில் கிடத்திக்கொண்டு அத்தனை போன் பேசியவள் நான். எனக்கு அழ நேரமில்லை.

வருகிற மாதம் பத்து வருடம். அவளுக்கு ஒரு வருடத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்தேன் என்றுதான் இதுவரை நினைத்திருக்கிறேன். போன சனிக்கிழமைக்குப் பிறகு அந்த நினைப்பு சரியாக உட்கார மாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 8, சனி

எல்லார் முன்னாலும் என் தப்பைச் சொன்னேன். நாச்சிமுத்து நான்காக மடித்த சீட்டை நீவிப் பெட்டியில் போட்டார். “ஏழாவது சீட்ட எடுத்திடலாமா மேம்?” என்றாள் ஆயிஷா. இருக்கட்டும் என்றேன்.  

பிப்ரவரி 15, சனி

வீட்டுச் சாவியை ரங்கநாயகியிடம் கொடுத்து வைத்திருந்தேன். அவள் சாவியோடு பழனிக்குக் கிளம்பிவிட்டாள். பதினோரு மணிக்குத் தர்சினி பெட்டியோடு பயிற்சி ஹாலுக்கே வந்து நின்றாள். என் பையில் இன்னொரு சாவி இருக்கிறது, டீ இடைவேளை வரை உட்கார் என்று சைகை காட்டினேன்.

பின்னால் இருந்த மேஜைப் பக்கம் உட்கார்ந்தாள். சீட்டுப் பெட்டியும் ஃபைலும் அங்கேதான் இருந்தன. நான் பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவள் கையில் ஜெராக்ஸ். நாச்சிமுத்து தண்ணீர் குடிக்கப் போனவர் அவள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்: “அதா, ஏழாஞ்சீட்டு. எனக்குத்தான் வந்துச்சு கண்ணு. அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல. பாவம் அந்தப் புள்ள.”

தர்சினி அவரைப் பார்த்துத் தலையாட்டினாள். ஃபைலை இருந்த இடத்தில் வைத்தாள். என்னிடம் வந்து சாவியை வாங்கிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் நான் வந்தபோது பாத்திரமெல்லாம் கழுவி வைத்திருந்தாள். சாப்பிட்டோம். மருதாணிக்குத் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். 

பிப்ரவரி 16, ஞாயிறு

மதியம் இரண்டு மணிக்குக் கல்யாணத்திலிருந்து வந்தாள். நாலரைக்கு ரயில். பட்டுப்புடவையை மாற்றிவிட்டு, “ம்மா, இந்தத் தலப்பப் புடி” என்றாள். ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

“ஏழாவது சீட்டு யாரு எழுதினது?”

“நான்தான்.”

“அதுல தப்பு இருக்குது.”

எழுத்துப் பிழை என்று நினைத்தேன்.

“அந்தப் பொண்ணுக்குத் தெரியும்மா.”

ஒரு மடிப்பு முடிந்து நான் அவள் பக்கம் நடக்க வேண்டும். நடந்தேன். என் கையிலிருந்த முனையை வாங்கிக்கொண்டு, கீழே தொங்கிய மடிப்பை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

“நீ போன் பண்ணி, அப்பா நல்லா எழுதச் சொன்னாங்கன்னே. சிலேட்டுல எழுதிக் காட்டுனாங்களான்னு கேட்டேன். இல்ல கண்ணு, வாயாலயே சொன்னாங்கன்னே. அப்பாவுக்குப் பேச்சு நின்னு நாப்பது நாளாயிருந்துச்சும்மா.”

பத்து வருடமாக எனக்கு ஞாபகம் வராத ‘ஏதோ’ அதுதான்.

“அப்பறம் ஏன் கண்ணு போனே?”

“நான் போகோணும்னுதான நீ அப்படிச் சொன்னே. போனேன். ஒரு கேள்வி விடல. மேப்புக்குக் கலர்கூட அடிச்சேன், கடலுக்கு நீலம், மலைக்குப் பழுப்புன்னு. அப்பா செத்தது தெரிஞ்சு உக்காந்து கலர் அடிச்சவ நான். நூறு போட்டாங்க. நீ அதப் பேப்பர்ல குடுத்தே. கல்யாண வீட்ல சொன்னே, பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவங்ககிட்ட சொன்னே. ஒவ்வொருக்காவும் நான் பக்கத்துல நிப்பேன். இப்ப சீட்டுலயும் எழுதிட்டே.”

நீ தைரியமான பொண்ணு, அழாதே, எல்லாம் சரியாயிரும், மூன்றும் வரிசையாக வாயில் வந்து நின்றன. அத்தனையும் நானே தடை போட்டவை. விழுங்கினேன். “ம்” என்று மட்டும் சொன்னேன்.

“எத்தன மணிக்கும்மா?”

“அஞ்சே முக்காலுக்கு. நான் அவங்க கையப் புடிச்சிட்டுத்தான் இருந்தேன்.”

புடவையைப் பாதி மடிப்போடு விட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். அழுதாள். பதினைந்து வயதில் மதியம் வந்து இறங்கியபோதுகூட அவள் அப்படி அழவில்லை, எல்லாரும் அவளைத் தைரியசாலி என்றார்கள், நானும் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். “நான் சொல்லியிருக்கோணும் கண்ணு. தப்புப் பண்ணிட்டேன்” என்றேன். இதைச் சொல்ல எனக்குப் பத்து வருடம் ஆகியிருக்கிறது. சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

மூன்றரைக்கு முகம் கழுவிக்கொண்டு வந்து, ஒரு வெற்றுச் சீட்டு கேட்டாள். எழுதிக் கொடுத்துவிட்டு ரயிலுக்குப் போனாள். புடவையை மறந்துவிட்டாள். நான் தனியாக மடித்து வைத்தேன், மடிப்பு சரியாக வரவில்லை.

பிப்ரவரி 22, சனி

தண்ணீர் மோட்டார் பழுது. பயிற்சி சுமாராகப் போனது. எஸ்தர் பிரமாதம். தர்சினி புதன்கிழமை கூப்பிட்டாள். ஞாயிறு இல்லை, புதன்.

மார்ச் 1, சனி

கடைசி வகுப்பு. நாச்சிமுத்து நடத்தினார். ஒரு ஆள் குறைந்ததால் நானும் வட்டத்தில் உட்கார்ந்தேன். குலுக்கி எடுக்காமல் ஏழாம் சீட்டைக் கேட்டு வாங்கினேன். புதுச் சீட்டு. தர்சினியின் கையெழுத்து:

‘பத்தாம் வகுப்பு மாணவி. அப்பா இறந்தது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அம்மாவுக்குத் தெரியாது. மார்க் பற்றிப் பேச வேண்டாம்.’

பேசினேன். மேப்புக்குக் கலர் அடித்ததைச் சொன்னேன். நீலப் பென்சிலைச் சீவிச் சீவி அடித்தேன் என்று சீட்டில் இல்லாததையும் சொன்னேன். நாச்சிமுத்து “ம்” என்றார். “அப்பறம் கண்ணு?” என்றார். 

முடிந்ததும் என்னை எழுப்பி நிறுத்தினார். “சீட்டப் பொட்டிக்குள்ள போடுங்க மேடம். பேரு?”

“வசந்தாமணி.”

“வேலை?”

“பயிற்சி குடுக்கறது.”

“காலையில என்ன சாப்டீங்க?”

“ரெண்டு இட்லி.” பிறகு சொன்னேன்: “அது என்ற பொண்ணுங்க. அன்னைக்குச் சாவி வாங்க வந்தாளே, அவதான். அந்த அம்மா நானுங்க.”

எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆயிஷா எதுவும் எழுதவில்லை. நாச்சிமுத்து அன்றைக்கு அவளிடம் ‘பாவம் அந்தப் புள்ள’ என்று சொன்னதை நினைத்திருப்பார் போலிருக்கிறது, மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். நீங்கள் தைரியமானவர் என்று சொல்லவில்லை. எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லவில்லை. “டீ குடிக்கலாங்களா?” என்றார்.

பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே ‘தேர்ச்சி’ என்று எழுதினேன்.

மார்ச் 2, ஞாயிறு

பத்தரைக்குக் கூப்பிட்டாள். நாற்பது நிமிடம். புதுச் சீட்டு எப்படிப் போனது என்று கேட்டாள், சொன்னேன். பிறகு, அந்த மீசைக்காரர் வட்டத்தில் கேட்டதையே அவளும் கேட்டாள். அப்பா கடைசியாகச் சிலேட்டில் என்ன எழுதினார்?

இத்தனை வருடத்தில் அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்கிற மாதிரி பெரிதாக ஒன்றும் இல்லை என்பதுதான் காரணம். இரண்டு வாக்கியத்தில் சொன்னேன்: “ஃபேனக் கொறை, குளுருதுன்னு எழுதினாங்க. வேற ஒண்ணும் எழுதல கண்ணு.”

  அவள் சிரிப்பது கேட்டது. வீட்டில் அப்பாவுக்கும் மகளுக்கும் தினமும் அதுதான் சண்டை. இவள் ஃபேனை ஐந்தில் வைப்பாள், அவர் எழுந்து வந்து இரண்டில் வைப்பார், இவள் மறுபடி ஐந்தில் வைப்பாள்.

“அப்பாவேதான்” என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “நான் இப்ப ரெண்டுலதாம்மா வெக்கறேன்” என்றாள்.